ஒரு கழுத்துக்கு வைத்த பெயர்

விருத்தகிரி விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தது அறுபத்து மூன்றாம் வருஷம். சேர்ந்த முதல் வாரத்திலேயே சூப்பர்வைசரின் தலைக்கு ஒரு பெயர் வைத்துவிட்டான். அந்தத் தலையின் முன்பக்கத்தில் முடி இல்லை. மத்தியான வெயில் தகரக் கூரையின் ஓட்டை வழியாக அதன்மேல் விழுந்தபோது, "தலைக்கு க்ளேஸு போட்டுட்டாங்கடா" என்றான். க்ளேஸ் என்பது ஜாடியைச் சூளையில் வைப்பதற்கு முன் அதன்மேல் பூசும் பளபளப்புக் குழம்பு. அன்று சாயங்காலத்துக்குள் பட்டறையிலிருந்த முப்பது பேருக்கும் வழுக்கை என்ற சொல் மறந்துபோயிற்று. ஒரு மாதம் கழித்து ஜங்ஷன் பக்கத்துச் சலூனில், பட்டறையை எட்டிப் பார்த்திராதவர்கள்கூட, "ஒனக்கும் க்ளேஸு ஏற ஆரம்பிச்சிடுச்சே" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இதைத் திறமை என்று சொல்லலாமா தெரியவில்லை. உடம்புக்கு மனிதர்கள் வைக்கும் கேலிப் பெயர்கள் பெரும்பாலும் கைக்குப் பக்கத்தில் கிடப்பதிலிருந்துதான் வருகின்றன. மீன் பிடித்தவர்கள் காலின் பின்சதையில் கெண்டையைப் பார்த்தார்கள். உடைந்த பானையைத் தினமும் மிதித்தவர்கள் முழங்கால் எலும்பைச் சில்லு என்றார்கள். மண்டைக்கு ஓடு என்று யாரோ சொன்னார்கள். அந்த யாரோ யார் என்பது எவருக்கும் தெரியாது. தெரியாமல் இருப்பது அவர்களுக்கு நல்லதுதான். வைத்தவன் முகம் மறைந்தபிறகு ஒரு சொல் எல்லோருக்கும் சொந்தமாகிவிடுகிறது. அதற்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. விருத்தகிரியின் கஷ்டம் என்னவென்றால், அவன் வைத்த பெயர்கள் ஊர்ப் பெயர்களானபோது அவனும் அதே ஊரில், அதே பட்டறையில், அதே மணையில் உட்கார்ந்திருந்தான்.

அவன் வேலை வார்ப்பு. கூழாகக் கரைத்த களிமண்ணைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்ற வேண்டும். அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு ஓரத்தில் மண்ணைக் கெட்டிப்படுத்தும். போதுமான கனம் வந்ததும் மீதிக் கூழைக் கவிழ்த்துவிட்டு, அச்சைத் திறந்தால் உள்ளே ஒரு ஊறுகாய் ஜாடி ஈரமாக நிற்கும். அதற்கு வாய், உதடு, கழுத்து, தோள், வயிறு, குண்டி எல்லாம் உண்டு. இந்தப் பெயர்களில் எதுவும் விருத்தகிரி வைத்ததல்ல. மண்ணைத் தொட்ட எல்லோரும் எப்போதும் சொல்லி வந்தவை. சாயங்காலம் ஐந்து மணிக்குத் தங்கதுரை வருவான். அவன் சரிபார்ப்பவன். ஒவ்வொரு ஜாடியாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே, "விருத்தகிரி, கழுத்து மூணு, வயிறு ஒண்ணு! ஜெயராஜு, ஒதடு ரெண்டு!" என்று கூவுவான். வெளியிலிருந்து கேட்பவர்களுக்கு அது ஏதோ ஆஸ்பத்திரி என்று தோன்றும்.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. எந்த ஜாடியைக் குறை என்று சொன்னாலும், சொன்னவனே அதைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்கட்டிலிருக்கும் ஊறல் தொட்டியில் போட்டுக் காலால் மிதித்துக் கரைக்க வேண்டும். வார்த்தவன் தூக்கக் கூடாது. குறை சொல்வது சுலபமாக இருந்தால் ஆள் ஆளுக்குச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள் என்பதற்காகப் பழைய மேஸ்திரி ஒருவர் ஏற்படுத்தியது. அதனால் தங்கதுரைக்குத் தினமும் முழங்கால் வரை சேறு.

தங்கதுரைக்கு முன்பற்கள் தூக்கலாக இருக்கும். மின்சார ப்யூஸ் கட்டையில் இரண்டு பித்தளை நாக்குகள் நீட்டிக்கொண்டிருக்குமல்லவா, அதைப் பார்த்து விருத்தகிரி அந்தப் பற்களைப் 'ப்யூஸ் கட்டை' ஆக்கினான். வாசலில் டீக்கடை வைத்திருந்த ரசூல் பாயின் தொப்பைக்கு 'மூணாம் நம்பர்'. பட்டறையில் வார்க்கும் ஜாடிகளில் மூன்றாம் நம்பர்தான் பெரியது. தன்னையும் அவன் விடவில்லை. வளைந்திருந்த தன் இரண்டு கால்களுக்கும் சூளை இடுக்கி என்று பெயர் வைத்தான்.

"மாப்ளே, எனக்கு மட்டும் மூணாம் நம்பரா? ஒன்னோட வாய்க்கு என்னா நம்பரு?" என்பார் ரசூல் பாய்.

"அதுக்கு அச்சே இன்னும் வரல பாய்."

இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. பகல் முழுக்க ஈர மண்ணில் கையை வைத்துக்கொண்டு, குனிந்து நிமிர்ந்து, இடுப்பு செத்துப்போகும் வேலை. சிரிப்பு இல்லாமல் அதைச் செய்ய முடியாது என்று சொல்வார்கள். சிரித்துக்கொண்டும் செய்ய முடியாதுதான், ஆனாலும் சிரித்தார்கள்.

விருத்தகிரி வார்த்த ஜாடிகளை வாங்கித் துடைப்பவள் சொர்ணாம்பாள். அச்சின் இரண்டு பாதிகளும் சேரும் இடத்தில் ஜாடியின்மேல் ஒரு கோடு விழும். அதைக் கத்தியால் சீவி, ஈர ஸ்பாஞ்சால் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். அவள் இதே ஜில்லாவில் இருக்கும் மங்களூர்ப் பக்கத்து ஊரில் வாக்கப்பட்டவள். ஆறு வருஷம் குழந்தை இல்லை என்று புருஷன் வேறொருத்தியைக் கொண்டுவந்தான். இவள் ஒரு தகரப் பெட்டியோடு விருத்தாசலத்துக்கு வந்து, ரயில்வே கேட் ஓரமாக ஓர் அறை எடுத்துக்கொண்டு, பட்டறையில் சேர்ந்தாள். விருத்தகிரியின் மனைவி பெரியநாயகியும் அதே தெருவில்தான். இரண்டு பேருக்கும் ஒரே தெருக்குழாய்.

அறுபத்தாறில் சொர்ணாம்பாளின் கழுத்தில், முன்பக்கமாக, எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம் வந்தது. வலி இல்லை. அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறு வருஷம் ஐப்பசியில் மழை விடவில்லை. அச்சுகள் காயவில்லை. ஈர அச்சில் வார்த்தால் மண் சரியாக இறுகாது. திறந்ததும் ஜாடியின் கழுத்து ஒரு பக்கம் புடைத்துக்கொள்ளும். அப்படிப் புடைத்த ஜாடிக்கு விருத்தகிரி 'புள்ளத்தாச்சி' என்று பெயர் வைத்திருந்தான். அன்றைக்கு வரிசையாகப் பதின்மூன்று புள்ளத்தாச்சி. தங்கதுரை பதின்மூன்றையும் சுமக்க வேண்டுமே என்ற எரிச்சலில் கத்திக்கொண்டிருந்தான். சூப்பர்வைசர் வேறு வந்து நின்றார். யாருக்கும் முகத்தில் ரத்தமில்லை. சொர்ணாம்பாள் ஓரமாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். அவள் விழுங்கும்போது கழுத்திலிருந்த வீக்கம் மேலே ஏறி இறங்கியது. விருத்தகிரி அதைப் பார்த்தான்.

"அங்க பாருங்கடா, பதினாலாவது! நம்ம சொர்ணத்துக்கும் புள்ளத்தாச்சிக் கழுத்து!"

கூரை அதிரச் சிரித்தார்கள். சூப்பர்வைசர்கூடச் சிரித்துவிட்டுப் போய்விட்டார். சொர்ணாம்பாளும் சிரித்தாள். சிரித்துவிட்டு முந்தானையால் வாயைத் துடைத்தாள்; துடைத்த முந்தானையை இறக்காமல் கழுத்தைச் சுற்றி விட்டுக்கொண்டாள்.

குழந்தை இல்லாமல் அனுப்பப்பட்டவள் அவள் என்பது விருத்தகிரிக்குத் தெரியாதா என்றால், தெரியும். பெரியநாயகியே அவனிடம் சொல்லியிருக்கிறாள். அந்த நேரத்தில் அவனுக்கு ஜாடி மட்டும்தான் கண்ணில் இருந்தது. மனிதர்கள் செய்யும் கெடுதலில் பாதி இப்படித்தான், கண்ணில் ஒன்று இருந்து மனதில் ஒன்றும் இல்லாத நேரத்தில் நடக்கிறது. அதனால் அது சிறியதாகிவிடுவதில்லை.

அந்தப் பெயர் மற்ற பெயர்களைவிட வேகமாகப் பரவியது. கடைவீதியில் காய் விற்பவளுக்குத் தெரிந்தது. தபால்காரருக்குத் தெரிந்தது. "எந்த சொர்ணம்?" "அதாம்மா, புள்ளத்தாச்சிக் கழுத்து சொர்ணம்." பழமலைநாதர் கோயில் மாசி மகத்தில், தேர்க் கூட்டத்துக்கு நடுவே, முன்பின் தெரியாத ஒருத்தி தன் புருஷனிடம் அதைச் சொல்லிக் கையைக் காட்டினாள். சொர்ணாம்பாள் கோடையிலும் கழுத்தைச் சுற்றிய முந்தானையோடு நடந்தாள். வீக்கம் எலுமிச்சையிலிருந்து கொய்யாவாயிற்று. எழுபதாம் வருஷம் மல்லாந்து படுக்க முடியாமல் போயிற்று. தெருக்குழாயில் குடத்தை இடுப்பில் ஏற்றும்போது மூச்சு விசிலடித்தது.

"என்னாங்க, கேட்டீங்களா?" என்று மறு வருஷம் ஒருநாள் பெரியநாயகி சோறு போட்டுக்கொண்டே ஆரம்பித்தாள். "சொர்ணம் போன வாரம் கடைவீதி டாக்டரண்ட போயிருக்குது."

"நல்லதுதான். என்னா சொன்னாராம்?"

"எங்க பாத்தாரு? வாசல்ல சீட்டு எழுதற கம்பவுண்டரு இருக்கான்ல, அவன் இது மொகத்தக்கூடப் பாக்கல. முந்தானிய பாத்துட்டு, 'யாரு, அந்தப் புள்ளத்தாச்சிக் கழுத்தா? ஒக்காரு'ன்னானாம். ஒக்காரவே இல்ல. திரும்பி வந்துடுச்சு."

விருத்தகிரி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"அவன் இந்த ஊருக்கு வந்து ரெண்டு மாசந்தான் ஆவுதாம்" என்றாள் பெரியநாயகி. "ஆளத் தெரியறதுக்கு முந்தியே பேரு தெரிஞ்சிருக்குது. இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்தட்டுமா?"

"வாணாம்."

அடுத்த நாள் காலையில் விருத்தகிரி ஒரு காரியம் செய்தான். அதை யோசித்துத்தான் செய்தான். தவறுகளில் யோசித்துச் செய்தவை தனி ரகம். அந்தப் பெயர் ஜாடியிலிருந்துதானே அவள் கழுத்துக்குப் போயிற்று, ஜாடியிலிருந்து அதை எடுத்துவிட்டால் ஊற்று வறண்டுபோகும் என்று அவன் கணக்குப் போட்டான். பட்டறைக்காரன் மூளைக்குத்தான் அப்படித் தோன்றும். கூழ்த் தொட்டியின் குழாயை அடைத்தால் அச்சுக்குக் கூழ் வராதல்லவா.

"இந்தாங்கப்பா, எல்லாரும் கேட்டுக்கோங்க" என்றான். "கழுத்து பொடச்ச ஜாடிய இனிமே புள்ளத்தாச்சின்னு சொல்லக் கூடாது. சாய்வுன்னு சொல்லணும்."

"ஏண்ணே, புள்ள பொறந்துடுச்சா?" என்றான் தங்கதுரை.

சிரிப்பு.

"சொல்றதக் கேளுடா. சாய்வு."

"சரிண்ணே, சாய்வு. சம்பளத்துல சேத்துக் குடுத்தா மண்டபம்னுகூட சொல்றேன்."

அவர்கள் அவன் பேச்சைக் கேட்டார்கள் என்பதுதான் வேடிக்கை. எத்தனையோ பெயர் வைத்தவன், அவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று, ஒரு வாரம் கிண்டலுக்காகவும் பிறகு பழக்கத்தாலும் எல்லோரும் சாய்வு என்றே சொன்னார்கள். ஜாடிக்கு வேறு பெயர் வந்துவிட்டது. ஆனால் கழுத்துக்கு வைத்த பெயர் இருந்த இடத்திலேயே இருந்தது. முன்பு அதில் பாதியை ஜாடிகள் சுமந்தன; பட்டறையில் அந்தச் சொல் காதில் விழும்போது, ஜாடியைச் சொல்கிறார்கள் என்று அவள் நினைத்துக்கொள்ள ஒரு வழியாவது இருந்தது. இப்போது அந்த வழியும் அடைபட்டது. சொல் மொத்தமாக ஒருத்திக்கு உரியதாகிவிட்டது.

இது விருத்தகிரிக்குப் புரிய இரண்டு மாதம் ஆயிற்று. புரிந்த அன்று, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், ஸ்பாஞ்சைப் பிழிந்துகொண்டிருந்த சொர்ணாம்பாளின் முன்னால் போய் உட்கார்ந்தான்.

"சொர்ணம், நீ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வா. புதுச்சேரியில நல்லா பாக்கறாங்களாம்."

"போவல."

"ஏன்?"

"வரிசையில நிக்க வச்சு என்னா கஷ்டம்னு கேப்பாங்க. நான் என்னான்னு சொல்லுவேன்?"

"கழுத்துல..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான்.

"சொல்லுண்ணே. கழுத்துல என்னா?" அவள் நிமிர்ந்தாள். "எனக்கு வாயில வேற பேரே வரல. ராத்திரி நானே தொட்டுப் பாத்துக்கினு, மனசுக்குள்ள அந்தப் பேரத்தான் சொல்றேன். வேற எதனா பேரு இருந்துச்சா அதுக்கு? மறந்துபோச்சு."

மூச்சு வாங்கியது. ஸ்பாஞ்சைத் தண்ணீரில் போட்டுவிட்டு, சுற்றிலும் யாருமில்லை என்று பார்த்துக்கொண்டாள்.

"இந்தக் கம்பெனியில சட்டம் ஒண்ணு இருக்குதுல்ல. கொற சொன்னவன்தான தூக்கணும்? அஞ்சு வருசமா நான் தூக்கிக்கினு இருக்கறேன். என் கழுத்து, சரி. நீ வச்ச பேரையும் நானே தூக்கணுமா? நீ என்னைய அழைச்சிக்கினு போ. டாக்டரண்ட நீயே சொல்லு. நான் வாயத் தொறக்க மாட்டேன்."

மன்னிப்புக் கேட்கத்தான் அவன் வந்திருந்தான். அதற்கு இடமில்லாமல் போயிற்று. மன்னிப்பு கேட்டிருந்தால் அவள் சரி என்றிருப்பாள், அவன் எழுந்து போயிருப்பான், வேலை நடந்திருக்கும். அவள் அவனை அவ்வளவு மலிவாக விடவில்லை.

வீட்டில் சொன்னபோது பெரியநாயகி அரிவாள்மணையைத் தள்ளி வைத்தாள்.

"நீங்க ஒரு பொம்பளைய ஒண்டியா பஸ்ஸுல அழைச்சிக்கினு போவீங்களா? ஊரு அதுக்கு ஒரு பேரு வைக்காதா?"

"வைக்கும்."

"வைக்கறது எப்படி இருக்கும்னு இப்பவாவது தெரியுதா?" கொஞ்ச நேரம் வெங்காயத் தோலைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "நானும் வரேன். ரெண்டு நாளுக்குப் புளிச்சோறு கட்டிக்கலாம்."

எழுபத்திரண்டு தை மாதம், விடிகாலை பஸ்ஸில் மூன்று பேரும் கிளம்பினார்கள். கடலூரில் பெரியநாயகி டீ வாங்கிக் கொடுத்தாள். சொர்ணாம்பாளுக்கு விழுங்க நேரமெடுத்தது. கண்டக்டர் விசில் ஊதியபோது பாதி டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் வரிசை நீளமாக இருந்தது. பெஞ்சில் நகர்ந்து நகர்ந்து பதினொன்றரை மணிக்கு டாக்டரின் மேஜைக்கு வந்தார்கள். இளவயது டாக்டர். தூக்கம் போதாத கண்கள்.

"சொல்லுங்க, என்னா?"

சொர்ணாம்பாள் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சொன்னபடி வாயைத் திறக்கவில்லை. விருத்தகிரி அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றான். யார் தலையைப் பார்த்தாலும் யார் வயிற்றைப் பார்த்தாலும் கண் மூடித் திறப்பதற்குள் பெயர் வைத்தவன். இப்போது அவன் வாயில் ஒன்றும் வரவில்லை. வந்ததெல்லாம் ஜாடி. புடைப்பு, சாய்வு, அச்சு, ஈரம். எல்லாவற்றுக்கும் அடியில் அந்த ஒரு பெயர் கனமாக உட்கார்ந்திருந்தது.

"என்னாங்க, பின்னாடி வரிசை நிக்குது" என்றார் டாக்டர்.

பெரியநாயகி அவன் முதுகில் கிள்ளினாள்.

"கழுத்துங்க" என்றான் விருத்தகிரி. "கழுத்து வீங்கியிருக்குது. ஆறு வருசமா. மொதல்ல சின்னதா இருந்துச்சு. இப்போ படுத்தா மூச்சு வாங்குது. விழுங்க முடியல."

"நீங்க யாரு, வீட்டுக்காரரா?"

"இல்லீங்க. கூட வேலை செய்றவன்."

அவன் வாழ்நாளில் பேசியவற்றில் யாரும் சிரிக்காத, யாரும் திருப்பிச் சொல்லாத பேச்சு அதுவாகத்தான் இருக்கும். டாக்டர் அதை நாலு வரியாக எழுதிக்கொண்டார். அவ்வளவுதான். அவ்வளவுக்கு ஆறு வருஷம் ஆகியிருந்தது.

டாக்டர் முந்தானையை விலக்கச் சொன்னார். சொர்ணாம்பாள் விலக்கினாள். அவர் விரல்களை வைத்து, விழுங்கச் சொல்லிப் பார்த்தார். ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்றார். கட்டி மூச்சுக்குழாயை ஒரு பக்கமாகத் தள்ளியிருக்கிறது; குரல் நரம்பு அதோடு ஒட்டிப் போகிறது; கட்டியை எடுக்கும்போது குரல் போனாலும் போகலாம். இதையெல்லாம் அவர் விருத்தகிரியைப் பார்த்துத்தான் சொன்னார். விருத்தகிரி சொர்ணாம்பாளைப் பார்த்தான்.

"மூச்சு இருந்தா போதுங்க" என்றாள் அவள். அன்று அவள் பேசியது அது ஒன்றுதான்.

ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தாள். பெரியநாயகி கூடவே இருந்தாள். விருத்தகிரி ஞாயிற்றுக்கிழமைகளில் போய் வந்தான். ஊர் அதற்கும் ஒரு பெயர் வைத்தது. அது இங்கே வேண்டாம்; நீடிக்கவுமில்லை. இரண்டு பெண்களும் ஒன்றாகவே பஸ்ஸைவிட்டு இறங்கியதைப் பார்த்ததும் அந்தப் பெயரில் ருசி போய்விட்டது.

சொர்ணாம்பாளின் கழுத்து தட்டையாகிவிட்டது. முன்பக்கம் குறுக்கே ஒரு கோடு, அச்சின் இரண்டு பாதிகளும் சேரும் இடத்தில் விழுமே அதுபோல. மூச்சு நன்றாக வந்தது. குரல் திரும்பவில்லை. ஆறு மாதத்தில் வரலாம் என்றார்கள், ஒரு வருஷத்தில் என்றார்கள், பிறகு ஒன்றும் சொல்லவில்லை. வாயைத் திறந்தால் காய்ந்த ஜாடியில் ஸ்பாஞ்சு உரசுவதுபோல ஒரு சத்தம். பக்கத்தில் காதை வைத்தால் புரியும். பட்டறை இரைச்சலில் அவள் ஜாடியைக் கத்தியால் இரண்டு தட்டுத் தட்டிக் கூப்பிடப் பழகிக்கொண்டாள்.

அவள் வேலைக்குத் திரும்பிய முதல் நாள், அந்தக் குரலைக் கேட்டதும் பட்டறையில் நாலைந்து பேர் விருத்தகிரியின் முகத்தைப் பார்த்தார்கள். வழக்கமாகப் பார்ப்பதுதான். மழை வருமா என்று வானத்தைப் பார்ப்பதுபோல.

"என்னாண்ணே, இதுக்கு ஒண்ணும் வைக்கலியா?" என்றான் தங்கதுரை.

"நீயே வச்சுக்கோ."

தங்கதுரை இரண்டு மூன்று சொல்லிப் பார்த்தான். ஒன்றும் ஒட்டவில்லை. விருத்தகிரி அதற்குப் பிறகு யாருக்கும் பெயர் வைக்கவில்லை. திருந்திவிட்டான் என்று சிலர் சொன்னார்கள். அது அதிகம். அவனுக்கு அலுத்துப்போயிற்று, அவ்வளவே. வேலை முன்னைவிடக் கடினமாகத் தெரிந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான்.

அவன் நிறுத்தினாலும் சொற்கள் நிற்கவில்லை. எழுபத்து நாலில் ரசூல் பாய் கடையை மச்சானிடம் விட்டுவிட்டுத் துபாய்க்குப் போனார். அங்கிருந்து ஒரு கடிதம் வந்தது. "மாப்ளே, இங்கே கேம்ப்பில் நம்ம பக்கத்துப் பையன்கள் எல்லோருக்கும் தொப்பை என்றால் மூணாம் நம்பர்தான். ராமநாதபுரத்துக்காரன்கூட அப்படித்தான் சொல்லுகிறான். எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டால் முறைக்கிறான். அவன் ஊர்ச் சொல்லாம்." பெரியநாயகி வாசித்துக் காட்டினாள். விருத்தகிரி கடிதத்தை வாங்கி மடித்து வைத்தான். சிரிக்க வேண்டிய இடம் என்று அவனுக்குத் தெரிந்தது.

சொர்ணாம்பாளும் புள்ளத்தாச்சிக் கழுத்து சொர்ணமாகவே இருந்தாள். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் முந்தானை சுற்றிய அவளுடைய ஒல்லிக் கழுத்தைப் பார்த்து ஏன் அந்தப் பெயர் என்று விழித்தார்கள். ஏன் என்று தெரியாமலே கூப்பிட்டார்கள்.

எழுபத்தாறு வைகாசியில், ஸ்ரீமுஷ்ணத்தில் தங்கதுரையின் தங்கைக்குக் கல்யாணம். முடித்துக்கொண்டு மூன்று பேரும் மத்தியான பஸ்ஸில் ஏறினார்கள். பெண்கள் இருவரும் இடது பக்கம் உட்கார்ந்தார்கள். விருத்தகிரி வலது பக்கம், நடைவழியை ஒட்டி. வழியில் ஒரு நிறுத்தத்தில் வயதான அம்மாள் ஒருத்தியும் இருபது வயதுப் பெண் ஒருத்தியும் ஏறி, சொர்ணாம்பாளுக்கு முன் இருக்கையில் இடம் பிடித்தார்கள். அந்தப் பெண் முந்தானையைக் கழுத்தைச் சுற்றி விட்டிருந்தாள். வெயில் கொதித்துக்கொண்டிருந்தது.

"மருமவளா?" என்று யாரோ கேட்டார்கள்.

"ஆமாம்மா. புள்ளத்தாச்சிக் கழுத்து வந்துடுச்சு இதுக்கு. வேப்பெல அடிச்சாச்சு, பத்துப் போட்டாச்சு. ஒண்ணும் கேக்கல. இப்ப ஜங்ஷன்ல யாரோ மந்திரிக்கறாங்களாமே, அங்க போறோம்."

பெரியநாயகி திரும்பி விருத்தகிரியைப் பார்த்தாள். அவன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். காது மட்டும் இங்கே இருந்தது.

சொர்ணாம்பாள் முன்னால் சாய்ந்து, அந்த அம்மாளின் தோளைத் தொட்டு ஏதோ சொன்னாள். பஸ்ஸின் இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். அந்த அம்மாள், "என்னாம்மா, தொண்டை கட்டிக்கிச்சா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டாள். சொர்ணாம்பாள் விருத்தகிரி பக்கம் கையை நீட்டி இருக்கைக் கம்பியை விரல் மோதிரத்தால் இரண்டு தட்டுத் தட்டினாள்.

அவன் எழுந்து வந்து குனிந்தான். அவள் அவன் காதில் சொன்னாள். அவன் நிமிர்ந்தான்.

"அம்மா, அது கழுத்துல வர்ற கட்டி. புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு அழைச்சிக்கினு போங்க. மந்திரிக்க வாணாம். தள்ளிப் போட்டா மூச்சு முட்டும்னு இந்தம்மா சொல்லுது."

அந்த அம்மாள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். வளைந்த கால்களில் அவள் பார்வை கொஞ்சம் நின்றது.

"நீ யாருய்யா, டாக்டரா?"

"இல்லம்மா."

"பின்ன என்னாத்துக்கு நடுவுல வர்ற? கட்டியாம் கட்டி. இது புள்ளத்தாச்சிக் கழுத்து. எங்க மாமியாருக்கு மாமியா காலத்துலேர்ந்து எங்க பக்கம் வர்றதுதான். பேரே அதுக்கு அதான். ஒனக்குத் தெரியாதுன்னா தெரியாதுன்னு இரு."

ஒன்பது வருஷத்துக்கு முன்பு, ஒரு மழை நாளில், பதின்மூன்று ஜாடிகளுக்கு அப்புறம் தன் வாயிலிருந்து வந்தது என்று விருத்தகிரி எப்படிச் சொல்வான், சொன்னால்தான் யார் நம்புவார்கள். அந்தச் சொல்லுக்கு இப்போது மூன்று தலைமுறை வயசாகியிருந்தது. இவனைவிட மூத்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது.

"நீ போய் ஒக்காருண்ணே" என்பதுபோலச் சொர்ணாம்பாள் கையைக் காட்டினாள். அவன் உட்கார்ந்ததும் எழுந்தாள். முன் இருக்கையின் ஓரத்துக்குப் போய், அந்த அம்மாளைப் பார்க்காமல், மருமகளின் முகத்துக்கு நேராகக் குனிந்து, தன் முந்தானையைக் கழுத்திலிருந்து இறக்கினாள். ஒன்பது வருஷமாக யார் முன்னாலும் அவள் அப்படி இறக்கியதில்லை, டாக்டர் முன்னால் தவிர.

அந்தப் பெண் குறுக்கே போகும் கோட்டைப் பார்த்தாள். கையைத் தூக்கினாள். தொடலாமா என்று தெரியாமல் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"வலிச்சுதா?" என்று கேட்டாள்.

சொர்ணாம்பாளின் பதில் அந்தப் பெண்ணுக்குக் கேட்காதே என்று நினைத்து விருத்தகிரி மறுபடி எழப்போனான். பெரியநாயகி அவன் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள். சொர்ணாம்பாள் அந்தப் பெண்ணின் காதோடு வாயை வைத்துச் சொல்ல ஆரம்பித்திருந்தாள். என்ன சொன்னாள் என்பது பஸ்ஸில் வேறு யாருக்கும் கேட்கவில்லை. அந்தப் பெண் மட்டும், மாமியார் தோளில் இடித்துக் கூப்பிட்டதைக்கூடக் கவனிக்காமல், விருத்தாசலம் வரும் வரை தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே வந்தாள்.